ரோபோவுக்குச் சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் மாட்டப் போகிறீர்களா? கடைக்குப் போகுமுன் இதைப் படியுங்கள்

இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 30 கிலோ பிரிவுப் போட்டிக்கு ஒரு ரோபோ செய்தோம். ரிமோட், பேட்டரி, மோட்டார் டிரைவர் எல்லாம் முதல் வாரத்திலேயே சொன்னபடி கேட்டன. சக்கரத்தில் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தை, மாட்டுகிற வேலை மட்டும் ஆறு வாரம் இழுத்தது. மூன்று தடவை முழுசாகக் கழற்றி மாட்டினோம். இந்த ஆண்டு ஜூனியர்கள் அதே கேள்விகளோடு வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நீங்கள் செய்வது நான்கு சக்கர ரோபோ, பக்கத்துக்கு ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு செயின், பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு இன்னொரு செயின் என்று வைத்துக்கொள்கிறேன். மோட்டார், மின்சாரச் சைக்கிளுக்கு வருகிற 24 வோல்ட், 250 வாட் எம்.ஒய்.1016இசட்2. கியரோடு வரும், சுமார் 300 ஆர்.பி.எம். சுற்றும், 9 பல் ஸ்ப்ராக்கெட்டும் மாட்டியே வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் செயின் அறுந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். 70 கிலோ ஆள் சைக்கிள் பெடலில் ஏறி நின்று மிதித்தால், 44 பல் தட்டில் ஓடும் செயினில் ஏறக்குறைய 130 கிலோ இழுவை வருகிறது. 30 கிலோ ரோபோ முழு எடையையும் ஒரே சக்கரத்தில் போட்டுத் தள்ளினாலும், கீழே சொல்கிற அளவுகளில், 45 கிலோ இழுவைகூட வராது. அதற்குள் டயர் வழுக்கிவிடும். செயின் தாங்கும். விட்டுப்போவது ஸ்ப்ராக்கெட் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இடம், பேரிங் அச்சில் உட்கார்ந்திருக்கிற இடம், மோட்டார் பிரேமில் நிற்கிற இடம். நேரத்தையும் காசையும் அங்கே போடுங்கள்.

1. அச்சு சுற்றுமா, நிற்குமா?

இதை முடிவு செய்யாமல் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள். சுற்றுகிற அச்சு என்றால் சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அதற்குச் சாவிக்காடி வெட்ட வேண்டும், அதாவது இரண்டும் சேர்ந்து சுற்றும்படி நடுவே செருகுகிற சின்ன இரும்புக் கட்டைக்கு (சாவி) ஒரு பள்ளம். 15 மி.மீ. அச்சுக்கு 5க்கு 5 சாவி, அச்சில் 3 மி.மீ. ஆழக் காடி, ஸ்ப்ராக்கெட் உள்துளையிலும் காடி. உள்காடி வெட்ட ஸ்லாட்டிங் மெஷின் உள்ள பட்டறையைத் தேடி அலைய வேண்டும். "எதற்கு இதெல்லாம், ஒரு கிரப் ஸ்குரூ (தலையில்லாத சின்ன ஸ்குரூ) போட்டு இறுக்கினால் போதாதா?" என்று நாங்களும் கேட்டோம். போதாது. முதல் பத்து நிமிடம் பிடிக்கும். ரோபோ முன்னும் பின்னும் மாறி மாறித் திரும்பும்போது ஸ்குரூ அச்சில் வட்டமாக ஒரு கோடு போட்டுவிட்டுச் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். எங்கள் முதல் அச்சு இன்னும் லேபில் கிடக்கிறது, அந்தக் கோட்டோடு.

நிற்கிற அச்சு என்றால், அச்சு பிரேமில் நட் போட்டு அசையாமல் இருக்கும். சக்கரம் தன் பேரிங்கில் சுற்றும். ஸ்ப்ராக்கெட்டைச் சக்கரத்தின் முகத்திலேயே போல்ட் போட்டு மாட்டுவீர்கள். சாவி கிடையாது, காடி கிடையாது. டிராலிக்கு விற்கிற 150 மி.மீ. பி.யூ. (பாலியூரித்தேன்) சக்கரம் இப்படிச் சுற்றத்தான் செய்யப்பட்டது. முதல் ரோபோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள்.

வாங்கும்போது சக்கரத்தின் உள்முகம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுக்குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் ஒரு வளையம் வைக்க வேண்டிவரும். கூடவே வருகிற மலிவான பேரிங்கை எடுத்துவிட்டு நல்ல 6202 போடுங்கள்: உள்துளை 15, வெளிவிட்டம் 35, அகலம் 11.

2. எந்தச் செயின்?

மோட்டாரில் இருக்கிற 9 பல் ஸ்ப்ராக்கெட் சாதாரணச் சைக்கிள் செயினுக்கானது. அதனால் முழு ரோபோவுக்கும் சைக்கிள் செயினே போடுங்கள். எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, பேரிங் கடையில் 08பி என்று ஒரு செயின், அதற்கேற்ற ஸ்ப்ராக்கெட் எல்லாம் கிடைக்கும். அதன் பிட்ச், அதாவது ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம், 12.7 மி.மீ., சைக்கிள் செயினும் 12.7. "ஒரே பிட்ச்தானே" என்று வாங்கினால் போச்சு. 08பி பல்லின் தடிமன் ஏழு மி.மீ.க்குப் பக்கம். சைக்கிள் செயினின் உள் அகலம் மூன்று சொச்சம். பல் உள்ளேயே போகாது. திரும்பக் கொடுக்கலாம் என்று போனால், உள்துளையை லேத்தில் பெரிதாக்கிய பிறகு எந்தக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது பொறியில் நாங்கள் தலைகுப்புற விழுந்தோம். சைக்கிள் கடையில் 18 பல் ஸ்ப்ராக்கெட் மலிவாகக் கிடைத்தது, நான்கு சக்கரத்திலும் மாட்டினோம். ரிமோட்டை முன்னே தள்ளினால் ரோபோ இடப்பக்கமாக வட்டமடித்தது. பின்னால் இழுத்தாலும் இடப்பக்கமாகவே வட்டமடித்தது. புரோகிராம் எழுதிய நண்பன் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் பிழை தேடினான். மோட்டார் வயரை மாற்றிப் பார்த்தோம், ரிசீவரை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் செயின் வாங்கப் போன இடத்தில் சைக்கிள் கடை அண்ணன் சிரித்துவிட்டார்: "தம்பி, அது ஃப்ரீவீல். பின்னாடி மிதிச்சா சும்மாதானே சுத்தும்?" வலப்பக்கம் முன்னே போகும்போது மட்டும் பிடித்தது. இடப்பக்கம் திருப்பி மாட்டியதால் பின்னே போகும்போது மட்டும் பிடித்தது. வெல்டிங் வைத்து அதைக் கெட்டியாக்கிவிடலாம், அவசரத்துக்கு நாங்களும் வைத்தோம். ஆனால் நடுமையம் விலகிப்போய் செயின் ஆட ஆரம்பித்தது.

சரி, என்னதான் செய்வது? 3 மி.மீ. இரும்புத் தகட்டில் ஸ்ப்ராக்கெட்டை லேசரில் வெட்டிக்கொள்ளுங்கள். போல்ட் துளை, நடுத்துளை எல்லாம் உங்களுக்கு வேண்டிய இடத்தில் வரைந்தே கொடுக்கலாம். தகடு சைக்கிள் செயினுக்குள் அப்படியே உட்காரும். பல்லின் இரண்டு ஓரத்தையும் அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டால் போதும்.

3. எத்தனை பல், எவ்வளவு தூரம்?

நாங்கள் முடிவாக எடுத்தது 20 பல். 9க்கு 20 என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 135 சுற்று. 150 மி.மீ. சக்கரத்தில் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தள்ளுமுள்ளுக்கு நல்லது. ஓட்டப் பந்தயம் என்றால் மோட்டார் செயின் ஏறுகிற தகட்டை மட்டும் 14 பல்லாகக் குறைக்க ஆசை வரும். ஆனால் அவ்வளவு சின்னத் தகட்டில் பேரிங் குழியைச் சுற்றி போல்ட் போட இடம் இருக்காது. 20 பல்லில் பிட்ச் வட்டத்தின் (செயின் உருளைகளின் மையம் ஓடுகிற வட்டம்) விட்டம் 81.2 மி.மீ. போல்ட் துளைகள் அமையும் வட்டத்தை 56 மி.மீ. விட்டத்தில் வைத்தால் எம்6 ஆலன் போல்டின் தலை செயின் தட்டில் இடிக்காது, பேரிங் குழிக்கும் துளைக்கும் நடுவில் ஏழு மி.மீ. சதையும் இருக்கும். 60க்கு மேல் போகாதீர்கள். ஆலன் போல்டுக்குப் பதில் அறுகோணத் தலை போல்ட் போட்டாலும் மூலை இடிக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

முன் பின் சக்கர அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. செயினில் கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் சாதாரண இணைப்புக் கண்ணியால் மூட முடியும். இரண்டு பக்கமும் 20 பல் என்றால் தூரம் 12.7இன் முழு மடங்காக இருக்கட்டும். 24 மடங்கு என்றால் 304.8 மி.மீ., கண்ணிகள் 24 + 24 + 20 = 68. நாங்கள் முதலில் "முந்நூறு" என்று ரவுண்டாக வைத்தோம். செயின் இரண்டு கண்ணி குறைத்தால் ஏறவில்லை, கூட்டினால் தொட்டில் மாதிரி தொங்கியது.

மோட்டார் செயினுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். மோட்டார் துளைகளை, போல்ட் 15 மி.மீ. நகரும்படி நீளக் காடியாக வெட்டிவிடுங்கள். இரண்டு கண்ணி கூட்டினாலும் குறைத்தாலும் மோட்டார் 12.7 மி.மீ.தான் நகர வேண்டும், எப்படியும் காடிக்குள் வந்துவிடும். ஆனால் காடியில் வெறும் போல்ட் இறுக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓர் அடி விழுந்தால் மோட்டார் வழுக்கி முன்னே வந்துவிடும். பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு தள்ளு போல்ட் வையுங்கள்.

4. வரைபடம், கொட்டேஷன், பில்

லேசர் கடைக்கு டி.எக்ஸ்.எஃப். (கணினி வரைபட) கோப்பு வேண்டும். ஸ்ப்ராக்கெட் வரையும்போது உருளை விட்டம் 7.75 மி.மீ. என்று கொடுங்கள். மென்பொருளில் முன்கூட்டியே இருக்கிற 08பி அளவு 8.51. அதை அப்படியே விட்டால் செயின் பல்லில் ஆடும். கோப்பை அனுப்பும் முன் அதே அளவில் தாளில் அச்செடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டி, நிஜச் செயினைச் சுற்றிப் பாருங்கள். பத்து ரூபாய்ச் செலவு. கடைசிப் பல்லில் உருளை மேலேறி நின்றால் அளவு தப்பு.

எட்டு வெட்டச் சொல்லுங்கள்: பின் சக்கரங்களுக்கு இரண்டிரண்டு, முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, உதிரிக்கு இரண்டு. நடுத்துளை 35.1 மி.மீ. ஏன் இந்த அளவு என்று அடுத்த படியில் தெரியும்.

லேத் பட்டறைக்கு ஏ4 தாளில் கையால் வரைந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒவ்வோர் அளவும் மி.மீ.யில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் விரலால் காட்டி விளக்கியபோது லேத் அண்ணன் சொன்னது: "தம்பி, கையில காட்டாதீங்க, எழுதிக் குடுங்க. நாளைக்கு நீங்க சண்டைக்கு வரக் கூடாது பாருங்க." எழுதிக் கொடுத்தபின் ஒன்றுகூடத் தப்பவில்லை. தாளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் பணம் என்றால் வாங்குவதற்கு முன்பே துறைத்தலைவரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். பில் உங்கள் பெயரில் இருந்தால் திரும்ப வராது, கல்லூரிப் பெயரில் ஜி.எஸ்.டி. பில்லாக இருக்க வேண்டும். சின்ன லேத் பட்டறைகளில் அப்படிப் பில் கிடைக்காது. அந்தத் தொகைக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிடலாமா என்று முதலிலேயே கணக்குப் பிரிவில் கேளுங்கள். நாங்கள் கேட்காததால் ஆயிரத்து அறுநூறு ரூபாய் எங்கள் மெஸ் காசில் போனது. மார்ச் 31க்குள் பில்லைக் கொடுத்துவிட வேண்டும், ஏப்ரலில் போனால் யாரும் கையில் வாங்கக்கூட மாட்டார்கள்.

கோயம்புத்தூரில் நாங்கள் கொடுத்த விலை, மோட்டார் நீங்கலாக: சக்கரம் நான்கு 1,800; பேரிங் எட்டு 880; லேசர் வேலை 1,400; செயின் இரண்டு பெட்டி 500; லேத் 1,600; போல்ட், நட், வாஷர் 400. மொத்தம் 6,580. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும். வீணான முதல் இரண்டு முயற்சிகள் இதில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். லேசர் மூன்று நாள். லேத் நான்கு நாள் என்பார்கள், ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் ஆயுத பூஜை நெருங்கினால் புது வேலை எடுக்க மாட்டார்கள், மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டால் அப்புறம் பூஜை முடிந்துதான். தீபாவளிக்கும் அதே கதை. மாதாந்திர மின்தடை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். போட்டிக்கு நான்கு வாரம் முன்பே பொருள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

5. ஸ்ப்ராக்கெட்டைச் சக்கரத்தில் மாட்டுவது

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. ஸ்ப்ராக்கெட்டின் மையமும் சக்கரத்தின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துக் குறித்து, பஞ்ச் அடித்து, கை டிரில்லில் துளை போட்டால் அரை மி.மீ.யாவது விலகும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை செயின் விறைக்கும், எதிர்ப்பக்கம் வரும்போது தொங்கும். விறைக்கிற இடத்துக்குத் தளர்த்தினால் தொங்குகிற இடத்தில் கழன்று விழும். இதற்குச் சரிசெய்கிற வழியே கிடையாது, புதுத் துளைதான்.

ஒரு பழைய 6202 பேரிங் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பேரிங் குழியில் அதை முழுசாக இறக்காமல் 3 மி.மீ. வெளியே துருத்தும்படி நிறுத்துங்கள். வெளிவிட்டம் 35. ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளை 35.1. தகட்டை அதன்மேல் வைத்தால் 'டக்' என்று உட்காரும். மையம் தானாகச் சேர்ந்துவிட்டது. அப்படியே பில்லர் டிரில்லில் கவ்வி, தகட்டிலுள்ள துளை வழியாகவே சக்கரத்தில் முதல் துளையைப் போடுங்கள். உடனே அதில் ஒரு போல்ட். அடுத்து நேர் எதிர்த் துளை, அதிலும் போல்ட். அப்புறம் மீதி இரண்டு. நான்கையும் ஒரே மூச்சில் போடாதீர்கள், தகடு நகர்ந்துவிடும். எம்6 போல்ட் தட்டினால்தான் போகிறது என்கிற அளவுக்குத் துளை இறுக்கமாக இருக்கட்டும்.

தகட்டிலும் சக்கரத்திலும் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள், மறுபடி மாட்டும்போது அதே நிலையில் வர வேண்டும். போல்ட் 8.8 தரம், நட் நைலாக் (கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது). சக்கரம் நைலான் என்றால் பின்பக்கம் பெரிய வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் நட் உள்ளே அமுங்கும். நைலாக் போட்டால் லாக்டைட் (மரையில் விடுகிற பசை) தேவையில்லை. ரோபோவின் மேல்மூடி பாலிகார்பனேட்டாக இருந்தால் லாக்டைட் பாட்டிலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், விரிசல் விடும்.

பின் சக்கரத்தில் இரண்டு தகடு வேண்டும். இரண்டுக்கும் நடுவே 12 மி.மீ. தடிமனில் அலுமினிய வளையம் ஒன்று கடைந்து வையுங்கள். நாங்கள் வாஷர்களை அடுக்கினோம். ஒவ்வொரு போல்டிலும் ஒவ்வோர் உயரம், தகடு அப்பளம் மாதிரி ஆடியது.

6. பேரிங்கும் நடுக்குழாயும்

அச்சு 15 மி.மீ. ஈ.என்.8 (ஒரு வகை எஃகு) கம்பி, இரண்டு முனையிலும் எம்12 மரை. சக்கரத்துக்குள் இரண்டு பேரிங். இரண்டின் உள்வளையங்களுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்க வேண்டும், வெளிவிட்டம் 20 மி.மீ. இதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழாய் இல்லாமல் அச்சு நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் இரண்டும் உள்நோக்கி நசுங்கும், சக்கரம் இறுகிப்போகும். "அப்போ நட்டைக் கொஞ்சம் லூசாக விடலாம்" என்று தோன்றும். லூசாக விட்ட நட் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

குழாயின் நீளம் இரண்டு பேரிங் படிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தைவிட ஒரு நூலிழை, 0.1 மி.மீ., கூட இருக்கட்டும். பேரிங்குக்கும் பிரேம் தகட்டுக்கும் நடுவிலும் அதே 20 மி.மீ. குழாய்த் துண்டுகள். அதைவிடப் பெரிய வாஷர் வைத்தால் சுற்றுகிற வெளிப்பக்கத்தில் உரசும். பேரிங்கை அடித்து ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும், அளவான சாக்கெட் ஒன்றை வைத்துத் தட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், நட்டை முழுபலத்தில் இறுக்கிய பிறகும் சக்கரம் ஒரு விரலால் சுற்றும்.

7. செயின் மாட்டுவது

முதலில் நேர்கோடு. நீளமான ஸ்டீல் ஸ்கேலை இரண்டு தகடுகளின் முகத்திலும் வைத்துப் பாருங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் குழாய்த் துண்டைக் கடைந்து சரிசெய்யுங்கள். பக்கவாட்டில் ஒரு மி.மீ. விலகினாலே செயின் கழல இடம் கொடுக்கும்.

ஒரு பக்கத்துக்கு 68 கண்ணி, மோட்டாருக்கு 38 அல்லது 40. ஒரு பெட்டி ஒரு பக்கத்துக்குச் சரியாக வந்துவிடும். ஆனால் பெட்டிக்கு ஓர் இணைப்புக் கண்ணிதான் வரும், உங்களுக்கு இரண்டு வேண்டும். தனியாகக் கேட்டு வாங்குங்கள், நாலைந்து கூடுதலாகவே. இணைப்புக் கண்ணியைப் பூட்டுகிற கிளிப்பின் மூடிய முனை செயின் முன்னோக்கி ஓடும் திசையில் இருக்க வேண்டும்.

தொய்வு: நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாகச் சேர்த்து ஆறு மி.மீ. போதும். ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். சைக்கிளுக்கு அது சரி, எப்போதும் ஒரே பக்கம்தான் தொங்கும். ரோபோ பின்னால் போனால் இழுக்கிற பக்கம் மாறி, ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டுச் செயின் மறுபக்கம் தொங்கும். முன் அச்சுத் துளையை, அச்சு பத்து மி.மீ. நகரும்படி காடியாக்கி, அங்கேயும் ஒரு தள்ளு போல்ட் வைத்தால் போதும்.

8. ஓட்டிப் பார்ப்பது

ரோபோவைச் செங்கல்மேல் ஏற்றி, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகட்டுக்கு மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். பத்து நிமிடம் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். செயின் பக்கம் கையோ, ஐடி கார்டு நாடாவோ போகக் கூடாது. கோடு உடைந்திருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. அப்புறம் தரையில் இறக்கி, சுவரில் முட்டவிட்டு ஒரு சில நொடி தள்ளவிடுங்கள், அதற்குமேல் வேண்டாம், மோட்டார் சூடாகும். புதுச் செயின் முதல் அரைமணி ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், மறுபடி இழுத்து வையுங்கள். சைக்கிள் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், கிரீஸ் பூசினால் மண் ஒட்டும்.

போட்டிக்குப் போகும்போது செயின் கட்டர், இணைப்புக் கண்ணிகள், எம்6 நைலாக் ஒரு கைப்பிடி, இரண்டு தகடும் பேரிங்கும் நடுக்குழாயும் மாட்டிய முழு உதிரிச் சக்கரம் ஒன்று. இரண்டு தகடு இருப்பதால் அது நான்கு இடத்துக்கும் பொருந்தும். முன்பக்கம் மாட்டினால் ஒரு தகடு சும்மா சுற்றும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: அந்த உபரித் தகட்டின் எடையையும் சேர்த்து ரோபோவை முன்கூட்டியே நிறுத்துப் பாருங்கள். நாங்கள் 29.9 கிலோவில் நின்றிருந்தோம், ஆட்டத்துக்கு நடுவே சக்கரத்தை மாற்றியபின் மறுபடி தராசில் ஏற்றச் சொன்னார்கள்.